கிராணியின் மேசைமேல் பச்சைப்பிள்ளை

குழாயடியில் பெண்கள் சிரித்த சத்தம் எங்கள் லயத்து வரிசை வீடு வரைக்கும் கேட்டது. நான் பாயில் படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் பிள்ளை தூங்கியது. பலகைச் சுவரில் ஒரு இடுக்கு உண்டு. ஒருக்களித்து அதன் வழியே பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் குழாயடிக் கல்லில் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் பீத்துணியை அலசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வாளியும் குடமுமாகப் பெண்கள். சவர்க்காரம் கண்ணால் காணக் கிடைக்காத காலம். அடுப்புச் சாம்பலைத்தான் தேய்ப்போம். சாம்பல் தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஒழுகியது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து மண்டோர் வந்தார். வேலைக்காட்டில் எங்களை மேய்ப்பவர் அவர்தான். நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என்னடா வீராசாமி, துணி தொவைக்கிற, சரி. தாய்ப்பாலும் ஊறுதாடா ஒனக்கு?"

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அவர் துணியை முறுக்கிப் பிழிந்தார், உதறினார், தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏங்க, வாய மூடிக்கிட்டு வந்துட்டீங்க?" என்றேன்.

"துணி காயணும்லம்மா. அந்தாளுக்குப் பதில் சொல்லிக்கிட்டு நின்னா வெயிலு போயிரும்" என்றார்.

வீராசாமி என்று அவர் பெயரை அந்தக் காலத்தில் நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவதற்கு யாரும் தடை போடவில்லை, எழுதுகிறேன்.

இன்னும் ஏன் கோபம்?

போன வாரம் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு தம்பி போன் போட்டார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, ஜப்பான்காரன் போயி எத்தன வருசம் ஆச்சு. இன்னும் ஏம்மா இவ்ளோ கோவம்? மன்னிச்சு விட்ருங்கலா" என்றார்.

தம்பி, நான் ஜப்பான்காரன் மேல் மட்டும் கோபப்படுகிறேன் என்று யார் சொன்னது? அவனுக்கு என் வீடு தெரியாது, என் புருஷன் முகம் தெரியாது. அவனுக்கு வேண்டியது தலை எண்ணிக்கை. எந்தத் தலை என்று விரல் நீட்டிக் காட்டியவன் தமிழ் பேசினான். எங்களோடு ஒரே கோயிலில் கும்பிட்டவன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். மன்னிப்பதைப் பற்றி நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆள் இல்லாத வீடு

எங்கள் ரப்பர்த் தோட்டம் கெடாவில், திகாம் பத்துவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்குப் பாதையின் கடைசியில் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆன கையோடு என் அப்பாவும் அம்மாவும் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கப்பல் ஏறினார்கள். பிறகு சண்டை வந்தது. கப்பல் நின்றது. என் வீட்டுக்காரருக்கோ இந்த நாட்டில் ஒரு நாதி கிடையாது. ஆக, தலைப்பிரசவம் பார்க்க ஓர் ஆள் இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, மருந்து கொடுக்கிறவரும் இல்லை. பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து மாக் ஹித்தாம் என்ற மலாய்க்கார மருத்துவச்சி வந்து பார்த்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண் பிள்ளை. எனக்குத்தான் ஜன்னி மாதிரிக் காய்ச்சல் வந்து, கை காலைத் தூக்க முடியாமல் போயிற்று.

மாக் ஹித்தாமால் தினமும் வர முடியாது. வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு பெண் யாரும் இல்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரச் சொன்னார். அவர் நெளிந்தார்.

"ஆப்பா மாலு? அனாக் சென்டிரி!" என்று ஒரு அதட்டல். என்ன வெட்கம், உன் பிள்ளைதானே என்று அர்த்தம்.

காலை நீட்டி உட்கார்வது, பிள்ளையைக் காலில் குப்புறப் போடுவது, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு மறு கையால் வெந்நீர் ஊற்றுவது, காதில் தண்ணீர் போகாமல் தலையைச் சாய்ப்பது எல்லாவற்றையும் அவர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார். முதல் தடவை பிள்ளையைவிட அவர் அதிகமாக நடுங்கினார். நான் பாயில் கிடந்தபடி, "தலை, தலை" என்று கத்தினேன். மாக் ஹித்தாம் என் வாயைப் பொத்தினார்.

துணிக்கு எங்கே போவது? பாதிப் பேர் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போன காலம். என் கூறைச்சேலையைக் கிழிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். "கிழிங்க, பிள்ளைக்கு இல்லாம யாருக்கு" என்றேன். பழுப்பேறிய சிவப்புத் துண்டுகள். அன்றைக்குக் குழாயடியில் அவர் அலசியது அதைத்தான்.

இதற்கா சிரித்தார்கள்! பெற்றவள் எழ முடியாமல் கிடக்கிறாள், பெற்றவன் தன் பிள்ளையின் துணியைத் துவைக்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வேலைக்கு வராத வாய்

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு என்று ஒன்று சொல்வார்கள். பூண்டுக் குழம்பு, கருவாடு, நல்லெண்ணெய். எனக்கு வாய்த்த பத்தியம் மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மத்தியானம் சுட்டது, பொழுது சாய்ந்தால் காலையில் மிஞ்சியது.

அரிசி இல்லாத ஊரா இது? குனோங் ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் யான் என்ற ஊர். கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். அறுப்புக் காலத்தில் காற்றில் வைக்கோல் வாசம் இங்கே வரைக்கும் வருகிற மாதிரி இருக்கும். நெல் விளைந்தது. விளைந்ததை மூட்டை கட்டிப் பட்டாளத்துக்குக் கொண்டு போனார்கள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கொஞ்சத்தையும் கணக்கெழுதும் கிராணிதான் பங்கிட்டார். வெள்ளைத்துரை ஓடிய பிறகு ஆபீஸ் முழுக்க அவர் கையில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்தவருக்கு அரிசி உண்டு, வராதவருக்கு இல்லை என்று சட்டம் போட்டார். என் பங்கு நின்றது. என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார்.

"பிள்ளை பெத்துக் கெடக்கறா சார். பால் குடுக்கணும்."

"படுத்திருக்கிற வாய்க்கெல்லாம் அரிசி அளக்க முடியாதுப்பா" என்றாராம்.

வெள்ளைக்காரன் காலம் பொற்காலம் என்று சிலர் எழுதுகிறார்கள், அதையும் படிக்கிறேன். என் அம்மா என் தம்பியைப் பெற்று, உடம்பு தேறுமுன்னே பால் வெட்டப் போனாள். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டுப் போவாள். அவள் ரவிக்கை நனைந்து ஒட்டியிருக்கும். மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டே அழுவாள். பிறகு ஒரு நாள் கொட்டகையில் தம்பிக்குப் பேதி கண்டது, போய்விட்டான். துரைசானி வந்து, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்படி என் அம்மாவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. பொற்காலமாம்.

சிரித்தவள் வந்தாள்

குழாயடியில் முதலில் சிரித்தது யார் தெரியுமா? எங்களுக்கு அடுத்த வாசல் தைலம்மா அக்கா. அவர் சிரித்தால் லயமே அதிரும். அதே நாள் மத்தியானம் ஒரு தகரக் குவளையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். முருங்கைக்கீரை அவித்த தண்ணீர். அடியில் கொஞ்சம் அரிசி நொய்.

"குடி. நல்லாத்தான் சிரிச்சேன், இல்லேங்கல. சிரிச்சு முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். எம் புருசன் என்னைக்காவது ஒரு துணிய நனைச்சிருக்கானான்னு யோசிச்சேன். வயிறு எரிஞ்சுது. நீ குடிடி."

தைலம்மா அக்கா அப்போது முழுகாமல் இருந்தார். பல வருஷம் கழித்துத் தரித்த கரு. தன் பங்கு நொய்யைத்தான் எனக்குக் காய்ச்சிக் கொண்டு வந்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் வீட்டுக்காரர் குப்புசாமி அண்ணன். அதிகம் பேச மாட்டார். அவரும் அதற்குப் பிறகு எங்கள் வாசலில் விறகு போட்டுவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் பிள்ளையைக் குளிப்பாட்டினால், எட்ட நின்று பார்ப்பார்.

"என்னண்ணே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு எனக்கும் வேணும்ல."

லோரி வந்த காலை

அடுத்த சில நாளில், சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லோரி வந்தது. முன்பே ஒரு லோரி வந்து போயிருந்தது. அதில் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

காலைப் பெரட்டிலேயே பெயர் கூப்பிட்டு, அங்கேயே ஏற்றினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட விடவில்லை. தைலம்மா அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏய், ஒம் புருசன ஏத்திட்டாங்கடி! அந்த மண்டோரு சொல்றான், பொம்பள வேல செய்யறவன் இங்க என்னாத்துக்கு, அவனப் போடுங்க சார்னு. கிராணி தலைய ஆட்டுறான்!"

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பிள்ளையை அந்தச் சிவப்புத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தீட்டுக்கூடக் கழியவில்லை. லயத்துப் பெண்கள் ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று பழகியவர்கள். நான் மேலே ஏறினேன். நேரே உள்ளே போனேன். கிராணியின் மேசைமேல், காகிதங்களுக்கு நடுவில், பிள்ளையைப் படுக்க வைத்தேன்.

"என்னம்மா இது? தூக்கு! தூக்கு மொதல்ல!"

"எனக்குத் தூக்கத் தெம்பு இல்லைங்க கிராணி ஐயா. தூக்கறவர லோரில ஏத்திட்டீங்க. குளிப்பாட்டறது அவரு, துணி தொவைக்கிறது அவரு, அழுதா தோள்ல போட்டு நடக்கறது அவரு. இனிமே நீங்க பாத்துக்குங்க. காதுல தண்ணி போவாம ஊத்தணும்."

பிள்ளை வீறிட்டது. வாசலில் நின்ற மண்டோர் உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. தோட்டத்துக்குப் பொறுப்பான ஜப்பான் துரை வெளியே வந்தார். குட்டை ஆள், முட்டி வரைக்கும் பூட்ஸ். என்ன சத்தம் என்று மலாயில் கேட்டார். அவரும் கிராணியும் அரைகுறை மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

கிராணி பல்லைக் காட்டினார். "பெரம்புவான் இனி கிலா, துவான்" என்றார்.

இந்தப் பெண் பைத்தியம் என்கிறார்! எனக்கு மலாய் தெரியாது என்று நினைத்துவிட்டார். மாக் ஹித்தாம் கம்பத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவள் நான்.

"சாயா தா கிலா, துவான். சாயா லாப்பார்" என்றேன். நான் பைத்தியம் இல்லை, பசியாக இருக்கிறேன். இந்தப் பிள்ளையின் தகப்பன் லோரியில் இருக்கிறான், எங்களுக்கு வேறு ஆள் இல்லை, அரிசியையும் இவர் நிறுத்திவிட்டார் என்று மலாயிலேயே சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

வெளியே ஒரு சத்தம். தைலம்மா அக்கா ஆபீஸ் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அந்தப் புள்ளக்கார மனுசன எறக்கி விட்டாத்தான் நாங்க கெழங்கு நட போவோம்!" அவரைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு குழாயடிப் பெண்கள் எல்லாருமே. சிரித்த அதே வாய்கள்.

ஒரு ஆள் குறையக் கூடாது

ஜப்பான் துரை சன்னல் வழியே பெண்களைப் பார்த்தார். மேசையில் பிள்ளையைப் பார்த்தார். அது காகிதங்களை நனைத்துவிட்டிருந்தது. திரும்பி, கிராணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

இந்த இடத்தில் இதைக் கேட்பவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். ஜப்பான்காரனுக்கும் மனசு இருந்தது பாருங்கள் என்கிறார்கள். மனசும் இல்லை, மண்ணும் இல்லை. அன்றைக்குக் கிழங்கு நட்டாக வேண்டும். நடுகிறவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஒருவனை இறக்கு, ஆனால் ஆள் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிராணி கன்னத்தைத் தடவிக்கொண்டே மண்டோரைப் பார்த்தார். மண்டோர் முற்றத்தைப் பார்த்தார். தைலம்மா அக்காவைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். கூட்டத்துக்குப் பின்னால் குப்புசாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

அந்த விரலை நான் மறக்கவில்லை. குட்டையான விரல், நகத்தில் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருந்தது.

கீழே குதித்த என் வீட்டுக்காரர், ஏறுவது யார் என்று பார்த்ததும் மறுபடி லோரியைப் பிடித்துக்கொண்டார். "நான் போறேண்ணே. அக்கா மாசமா இருக்கு. நீங்க எறங்குங்க."

குப்புசாமி அண்ணன் அவர் கையைப் பிரித்துவிட்டார். "நீ எறங்குடா. எனக்கு இன்னும் அந்த வேலையெல்லாம் தெரியாது. நீ கத்துக்கிட்டிருக்க. எம் பிள்ள பொறந்தா நீ பாத்துக்க."

லோரி போய்விட்டது. தைலம்மா அக்கா செம்மண் புழுதிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுச் சடக்கில் நின்றார்.

கோபப்பட ஆளுக்கா பஞ்சம்?

லயத்தில் பேச்சுக் கிளம்பியது. ஒருத்தியின் தாலிக்காக இன்னொருத்தியின் தாலியைக் காவு கொடுத்துவிட்டாள் என்று என்னைச் சொன்னார்கள். நான் அன்றும் தலை குனியவில்லை, இன்றும் குனிய மாட்டேன். என் புருஷனை நான் கேட்டேன். அடுத்தவள் புருஷனைக் கொண்டுபோ என்று கேட்கவில்லை. கொண்டு போனவன் பாவம் அவனுக்கு. விரல் நீட்டியவன் பாவம் அவனுக்கு. அதில் பங்கு வாங்கிக்கொள்ள நான் ஆளில்லை.

ஆனால் தைலம்மா அக்கா என்ன நினைத்தார்? பல நாள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாசலில் வைத்த கீரை வாடிக் கிடக்கும். ஒரு மத்தியானம் தானாகவே வந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒம் மேல கோவம்னு நெனச்சுக்கிட்டியா?"

நான் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"கோவப்பட இந்தத் தோட்டத்துல ஆளுக்காடி பஞ்சம்? ஒனக்கு முன்னால கிராணி நிக்கிறான், மண்டோரு நிக்கிறான், அந்தப் பூட்ஸ்காரன் நிக்கிறான். ஒன் மொற வர்றதுக்குள்ள நான் கெழவி ஆயிருவேன். பிள்ளையக் குடு."

அவருக்கு மகன் பிறந்தபோது ஜப்பான்காரன் கெடாவையே சயாம்காரன் கைக்கு மாற்றிவிட்டிருந்தான். கொடி மாறியது, கிழங்கு மாறவில்லை. மாக் ஹித்தாம்தான் வந்து பார்த்தார். அக்காவுக்குப் பால் சுரக்கத் தாமதமாயிற்று. என் மகள் குடித்த மிச்சத்தை அவனுக்குக் கொடுத்தேன். கிழங்கு தின்ற உடம்பில் எவ்வளவு சுரக்கும்? இரண்டும் அரை வயிற்றோடு அழுதன. இரண்டும் பிழைத்தன.

என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்தார். குப்புசாமி அண்ணனின் மகனைக் காலில் போட்டுக்கொண்டார். குளிப்பாட்டினார். அவன் துணியையும் அதே குழாயடியில் துவைத்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுத்தவன் பெண்டாட்டி பெற்ற பிள்ளைக்கு இவன் என்ன தாதியா என்று மண்டோர் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் துணியைக் கல்லில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்க காட்டுன விரலுக்குத்தான் நான் தொவைக்கிறேன் மண்டோரே. இருந்து பாத்துட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. மண்டோர் போய்விட்டார்.

யுத்தம் முடியுமுன்னே மண்டோர் காய்ச்சலில் செத்தார். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் நிறுத்தவில்லை. கிராணியோ டவுன் பக்கம் குடிபோய், கோயில் கமிட்டிக்குத் தலைவராகி, மாலை மரியாதையோடு இருந்தார். ஒரு திருவிழாவில் மைக்கைப் பிடித்து, "அந்தக் கஷ்ட காலத்தில் நாம் எல்லாரும் சேர்ந்துதான் துன்பப்பட்டோம்" என்றார். நாம் எல்லாருமாம்! நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தைலம்மா அக்கா எழவில்லை. பேச்சு முடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கிராணி பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டாராம்.

எம்புட்டு இருந்தான்?

குப்புசாமி அண்ணன் திரும்பி வந்தார். ஜப்பான்காரன் சரணடைந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அலோர் ஸ்டார் வரைக்கும் ரயிலில் வந்து, பிறகு யார் யார் வண்டியிலோ ஏறி, கடைசியில் செம்மண் சடக்கில் நடந்து வந்தார். காலில் ஆறாத புண். எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "தைலு" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில்தான் தெரிந்தது.

பையன் அப்போது ஓடித் திரிகிற வயது. என் வீட்டுக்காரரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ப்பா, ப்பா" என்று அவர் வேட்டியை இழுத்தான். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனை முன்னால் நகர்த்தி, "அந்தா ஒங்கப்பா, போ" என்றார். அவன் அலறினான்.

"விடு வீராசாமி. பயமுறுத்தாத" என்றார் அண்ணன்.

வாசற்படியில் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சயாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொறந்தப்ப எம்புட்டு இருந்தான்?" என்று கேட்டார்.

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நானும் காட்டினேன். என்னுடையது சிறியதாக இருந்தது. என் வீட்டுக்காரர் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தடவி, "இதுக்குள்ள அடங்குவாண்ணே" என்றார்.

"ஆளுக்கொண்ணு சொல்றீங்களே" என்றார் அண்ணன்.

பிறகு தன் கைகளை முன்னால் நீட்டினார். கொஞ்சம் அகட்டினார், கொஞ்சம் குறுக்கினார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இம்புட்டா? இல்ல, இம்புட்டா?"